ஆறு பக்கக் கடிதமும் ஒரு பக்கக் கடிதமும்

(தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் அணித் தலைவிகளுக்கும் நடந்த ஞாயிறு வகுப்பில் ஆற்றிய உரை)



ஆஸ்பத்திரியில் சரியாகக் கவனிக்காவிட்டால் எப்படி முறைப்பாடு செய்வது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கு ஒரு சட்டத்தரணியைக் கூப்பிட்டிருக்கலாமே என்று காரியாலயத்தில் கேட்டேன். "நீங்க ஒருக்கா தோத்து, ஒருக்கா ஜெயிச்ச ஆளு, டீச்சர். அதைச் சொன்னாப் போதும்" என்றார்கள். ஜெயித்தேனா என்பதைக் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். தோற்ற கதையை முதலில் சொல்கிறேன்.

என் அம்மா கொழுந்து எடுப்பவர். சீனி வருத்தம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு பெப்ரவரி மாதம், கவ்வாத்து மலையில் விறகுக்கு மிலாறு பொறுக்கப் போனபோது வலது காலில் ஒரு குச்சி ஏறிவிட்டது. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கட்டினார்கள். இரண்டு நாளில் கால் வீங்கிவிட்டது. துண்டு கொடுத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஐந்து நாள் வாட்டில் வைத்திருந்து, ஊசி போட்டு, ஆறாம் நாள் காலையில் துண்டு வெட்டினார்கள். கையில் ஒரு கார்ட்டைக் கொடுத்து, சிங்களத்தில் ஏதோ சொல்லி, "கெதர யன்ன" என்றார்கள். அம்மாவுக்கு விளங்கியது அந்தக் கடைசிச் சொல் மட்டும்தான். வீட்டுக்குப் போகச் சொன்னால் சுகமாகிவிட்டது என்றுதானே நினைப்போம்? மூன்றாம் நாள் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து வைத்துக் கட்டிக்கொண்டு மலைக்கே போய்விட்டார்.

நான் அப்போது வேறொரு தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டு அங்கேயே தங்கியிருந்தேன். வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு வருவேன். போனில் கேட்டேன். "சுகமாகிருச்சு புள்ள, அனுப்பிட்டாங்க" என்றார். அந்த வெள்ளிக்கிழமை இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஆயத்தம் என்று நான் வரவில்லை. அடுத்த வெள்ளி வந்தேன். சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்திருந்த கார்ட்டை எடுத்து வாசித்தேன். தினமும் மருந்து கட்ட வேண்டும், மூன்றாம் நாள் கிளினிக்குக்கு வரவேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான் அதை வாசித்தது ஒன்பதாம் நாள். இரண்டு விரல் கறுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் அந்த இரண்டையும் எடுத்தார்கள்.

அடுத்து நான் செய்ததெல்லாம் பிழைதான். துண்டு வெட்டிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஓபிடி ஜன்னலில் நின்று கத்தினேன். அந்த ஜன்னலில் இருந்த பிள்ளைக்கும் அம்மாவின் காலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தம்பியின் கூட்டாளிமார் நாலு பேர் "போய் ரெண்டு கண்ணாடிய உடைச்சாத்தான் சரிவரும்" என்று நின்றார்கள். நல்லவேளை, அம்மா ஏசி அனுப்பிவிட்டார். இதைத் தலைவர்மார் மனதில் வைக்க வேண்டும். நம் பையன்கள் ஆஸ்பத்திரிக்குள் ஒரு கதிரையைத் தூக்கிப் போட்டால், அந்த நிமிஷத்திலிருந்து அது பொலிஸ் கேஸ். நோயாளிக்கு நடந்ததை யாரும் கேட்க மாட்டார்கள். கதிரை உடைந்ததைத்தான் விசாரிப்பார்கள்.

பிறகு கடிதம் எழுதினேன். ஆறு பக்கம். நான் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதப் படிப்பிக்கிற ஆள்! அந்த ஆறு பக்கத்தில் நம் முன்னோர் மன்னார் வழியாகக் காடு மேடு நடந்து வந்தது முதல், பிரஜாவுரிமை பறிபோனது, லயம், சம்பளம் எல்லாம் இருந்தது. ஜனாதிபதிக்கு ஒன்று, சுகாதார அமைச்சருக்கு ஒன்று, பத்திரிகைகளுக்கு மூன்று பிரதி. சாதாரண தபாலில் போட்டேன். ஒரேயொரு இடத்திலிருந்து மூன்று வரியில் பதில் வந்தது. உரிய நடவடிக்கைக்காக உரிய இடத்துக்கு அனுப்பப்பட்டுள்ளதாம். அதோடு சரி.

நம் ஜில்லாப் பிரதிநிதி ஐயா ஒருவரிடம் அந்தப் பிரதியைக் காட்டினேன். முன்பு செக்ரோல் எழுதியவர் அவர், கணக்கில் கெட்டி. ஆறு பக்கத்தையும் பொறுமையாக வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "டீச்சர், இது முறைப்பாடா, மே தினப் பேச்சா? உங்க அம்மா பேரு நாலாம் பக்கத்துலதான் வருது. எந்த வாட்டு, என்ன திகதின்னு இன்னும் வரவேயில்ல" என்றார்.

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. மேசையில் இருக்கிற உத்தியோகத்தர் நல்லவராகவே இருந்தாலும், அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு அவரால் என்ன செய்ய முடியும்? எந்த நாள் பதிவேட்டை எடுப்பது, யாரைக் கூப்பிட்டுக் கேட்பது? 200 வருடத்து அநியாயத்துக்கு ஒரு வைத்திய அதிகாரி பதில் எழுத மாட்டார். பெப்ரவரி 11ஆம் திகதி காலை 4ஆம் வாட்டில் நடந்ததற்கு அவர் பதில் எழுதியே ஆக வேண்டும்.

இரண்டாவது கடிதம் ஒரு பக்கம். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அதைக் கிட்டத்தட்ட அப்படியே வாசிக்கிறேன், எழுதிக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

"நான் இன்ன தோட்டம், மேற்பிரிவைச் சேர்ந்த தொழிலாளி. எனக்குச் சீனி வருத்தம் உண்டு. வலது கால் புண்ணுக்காகப் பெப்ரவரி 6ஆம் திகதி உங்கள் வைத்தியசாலையின் 4ஆம் வாட்டில் சேர்க்கப்பட்டேன். 11ஆம் திகதி காலை துண்டு வெட்டி அனுப்பினார்கள். தினமும் மருந்து கட்ட வேண்டும் என்றும், 14ஆம் திகதி கிளினிக்குக்கு வர வேண்டும் என்றும் கார்ட்டில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுள்ளது. அதை யாரும் எனக்குத் தமிழில் சொல்லவில்லை. எனக்கு ஆங்கிலமோ சிங்களமோ வாசிக்கத் தெரியாது. 20ஆம் திகதி மகள் வந்து வாசித்த பிறகே எனக்குத் தெரியும். 22ஆம் திகதி என் இரண்டு கால்விரல்கள் அகற்றப்பட்டன. துண்டு வெட்டும்போது எனக்கு யார், எந்த மொழியில் விளக்கம் தந்தார்கள் என்று விசாரித்து எழுத்தில் பதில் தரவேண்டும். இனி வரும் தமிழ் நோயாளிகளுக்குத் தமிழில் சொல்ல ஒழுங்கு செய்யவேண்டும். கார்ட்டின் போட்டோப் பிரதி இணைக்கப்பட்டுள்ளது."

இவ்வளவுதான். கீழே அம்மாவின் கையெழுத்து, அடையாள அட்டை இலக்கம், விலாசம், போன் நம்பர். அதில் யாரையும் திட்டவில்லை. "அலட்சியம்", "கொலைபாதகம்" என்று ஒரு சொல் கிடையாது. கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டும். டொக்டர் செய்த வைத்தியம் பிழையா, மருந்து பிழையா என்று நமக்குத் தெரியாது. தெரியாததை எழுதினால், தெரிந்ததையும் நம்ப மாட்டார்கள். பெயர் தெரியாவிட்டால் "காலை வேலையில் இருந்த தாதி" என்று எழுதினால் போதும். அன்றைக்கு யார் வேலை என்பது அவர்களிடம் பதிவில் இருக்கும்.

கார்ட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் ஆஸ்பத்திரிக் கார்ட், கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டு எல்லாம் அடுப்பு மூட்டப் போய்விடுகிறது, இல்லாவிட்டால் பிள்ளை கிறுக்கிவிடுகிறது. அம்மா சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்ததால்தான் எங்கள் கேஸ் நின்றது. மூலக் கார்ட்டை யாருக்கும் கொடுக்காதீர்கள், விசாரணையில் கேட்டாலும் காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொடுப்பது போட்டோப் பிரதி மட்டும்.

தமிழில் எழுதினால் ஏற்றுக்கொள்வார்களா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். சிங்களத்தில் எழுதிக் கொடுக்க ஆள் தேடி, அதற்குக் காசும் கொடுத்து, அவர் என்ன எழுதினார் என்று தெரியாமல் கையெழுத்து வைத்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள இடத்திலும் அரசாங்க உத்தியோகத்தரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் நமக்கு உரிமை தருகிறது. மறுத்தால் அது தனியாக ஒரு முறைப்பாடு. அதைக் கேட்க 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது.

யாருக்கு அனுப்புவது? நான் ஜனாதிபதிக்கு அனுப்பித் தோற்றேன். முதல் கடிதம் அந்த ஆஸ்பத்திரியின் பொறுப்பதிகாரிக்குத்தான் போகவேண்டும். சின்ன ஆஸ்பத்திரி என்றால் பொறுப்பு வைத்திய அதிகாரி, பெரியது என்றால் பணிப்பாளர். மாகாண சபையின் கீழ் வரும் ஆஸ்பத்திரியானால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்குப் பிரதி. பதில் இல்லையென்றால் அவருக்கு மேலே மாகாணப் பணிப்பாளர். மத்திய அமைச்சின் கீழ் உள்ள ஆஸ்பத்திரியானால் சுகாதார அமைச்சுக்கு. உங்கள் ஆஸ்பத்திரி எதன் கீழ் என்று தெரியாவிட்டால் வாசல் பெயர்ப்பலகையைப் பாருங்கள், இல்லாவிட்டால் காரியாலயத்தில் கேளுங்கள். எதை அனுப்பினாலும் பதிவுத் தபாலில் அனுப்பி, போஸ்ட் ஒப்பீஸ் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியில் ஒட்டி வையுங்கள். கையில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

தோட்டத்து டிஸ்பென்சரி வேறு கதை. மருந்து இல்லை, ஆள் இல்லை, பூட்டிக் கிடக்கிறது, லொறி கொடுக்கவில்லை என்றால், சுகாதாரப் பணிப்பாளருக்கு மட்டும் எழுதி வேலையில்லை. முதல் கடிதம் துரைக்கு. 1912ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே தோட்டத்து நோயாளிகளின் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மேல்தான் வைத்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் என்று சிரிக்காதீர்கள், அவன் நம் மேல் பாசத்தில் அதைக் கொண்டுவரவில்லை. ஆள் படுத்தால் கொழுந்து படுக்கும் என்று தெரிந்து கொண்டுவந்தான். துரைக்கு எழுதும்போது கமிட்டியின் பெயரில் எழுதுங்கள், சங்கக் காரியாலயத்துக்கும், சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்துக்கும் பிரதி போடுங்கள். தனி ஆள் எழுதினால் மறுநாள் பிரட்டில் முகம் சுளிப்பார்கள். கமிட்டி எழுதினால் பதில் சொல்வார்கள். அவசரத்துக்கு லொறிக்காகக் காத்திருக்காமல் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். மேற்பிரிவுகளில் வண்டி ஏறாத பாதை உண்டு, எனக்கும் தெரியும். எந்தச் சந்திவரை வரும் என்று கமிட்டி இப்போதே பேசி வைக்கவேண்டும், இரவு இரண்டு மணிக்கு யோசிக்கிற விஷயமல்ல அது.

டவுனில் காசு கட்டிப் போகிற தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தில் ஓர் ஒழுங்குமுறைச் சபை இருக்கிறது, முறைப்பாடு அங்கே போகும். பில்லை எறிந்துவிடாதீர்கள். ஒரு குறிப்பிட்ட டொக்டரின் நடத்தையே பிரச்சினை என்றால் இலங்கை மருத்துவ சபை. அதற்குச் சாதாரண கடிதம் போதாது, சமாதான நீதவான் முன்னால் கையெழுத்திட்ட சத்தியக் கடதாசி வேண்டும். அந்தச் சபை டொக்டரின் பதிவைப் பற்றித்தான் தீர்மானிக்கும். நமக்கு நட்டஈடு வாங்கித் தராது. நட்டஈடு வேண்டுமானால் நீதிமன்றம். அதற்கு இரண்டு வருடக் காலக்கெடு உண்டு. வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவைப் பார்க்கலாம்.

இன்னொரு காலக்கெடு அதைவிட மிகச் சிறியது. தமிழர் என்பதற்காக, தோட்டத்து ஆள் என்பதற்காக அரசாங்க ஆஸ்பத்திரியில் வேறுபாடாக நடத்தினார்கள் என்றால் அது அடிப்படை உரிமைப் பிரச்சினை. உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் இருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. கண்டியிலும் பதுளையிலும் அவர்களுக்குக் காரியாலயம் உண்டு, போன் 1996. "தீபாவளி முடியட்டும் பார்ப்போம்" என்று இருந்தால் கதவு மூடிவிடும்.

மரணம் நடந்தால் என்ன செய்வது என்று சொல்லாமல் போக முடியாது. சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒருவர் இறந்தால் நாம் முதலில் பிரேதத்தை எடுக்கத்தான் அவசரப்படுகிறோம். மரண வீட்டில் ஜனம் காத்திருக்கிறது, தப்பு அடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள், லொறிக்குக் காசு கட்டியாகிவிட்டது. சந்தேகம் இருந்தால், எடுப்பதற்கு முன்னால் ஆஸ்பத்திரியிலும் பொலிஸிலும் சொல்லித் திடீர் மரண விசாரணை கேளுங்கள். புதைத்த பிறகு தோண்டி எடுக்க நீதவானின் உத்தரவு வேண்டும். எரித்தால் எதுவுமே இல்லை. ஒரு நாள் தாமதம் ஆகலாம். சொந்தக்காரர்கள் ஏசுவார்கள். தலைவர் அந்த நேரத்தில் குடும்பத்தோடு நிற்கவேண்டும், அதற்குத்தான் நாம் சந்தா கட்டுகிறோம்.

பதிவுத் தபாலில் போட்ட பிறகு என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஒரு மாதம் சத்தமில்லை. பிறகு தகவல் அறியும் சட்டத்தில், அதாவது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தில், இன்ன திகதி முறைப்பாட்டின் மேல் இதுவரை எடுத்த நடவடிக்கை என்ன என்று ஒரே ஒரு கேள்வி அனுப்பினோம். 14 வேலை நாளுக்குள் தகவல் அதிகாரி தீர்மானம் சொல்ல வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் நேரில் போய் வாயால் சொன்னால் அதிகாரியே எழுதிக்கொள்ள வேண்டும். ஒருவருடைய மருத்துவப் பதிவைக் கேட்பதானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், ஆகவே நோயாளியே கையெழுத்து வைப்பது நல்லது. அந்தக் கேள்வி போன பிறகு எங்களை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

அம்மாவுக்கு அன்று இரவு நித்திரையில்லை. "நாளைக்கு அந்த ஆஸ்பத்திரிக்குத்தானே புள்ள கிளினிக் போகணும்? ஊசிய மாத்திப் போட்டுட்டா?" என்றார். இது நம் எல்லாருக்கும் உள்ள பயம். அதைச் சிரித்துத் தள்ளக் கூடாது. நான் அம்மாவுக்குச் சொன்னது இதுதான்: "உங்க பேரு இப்ப பணிப்பாளர் மேசையில இருக்கு. இனி உங்கள யாரும் சும்மா தொட மாட்டாங்க." சங்கத்திலிருந்து ஒருவர் கூட வந்தார். தனியாகப் போகவே வேண்டாம்.

விசாரணை சிங்களத்தில் தொடங்கியது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றோம். முகம் கொஞ்சம் மாறியது. வேறொரு நாள் தந்தார்கள். அன்று ஒரு பேர் போனது, இரண்டாவது நாளில் இன்னொரு பேர் போனது. அம்மா தமிழில் பேசினார், ஐந்து நிமிஷம்கூட இல்லை. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்து வைத்தார். பிறகு அந்தத் தாதி பேசினார். அன்றைக்கு வாட்டு முழுக்க இரண்டே பேர்தானாம், கட்டிலுக்கு இடமில்லாமல் தரையிலும் நோயாளர்களாம். தமிழ் தெரிந்தவர் யாரும் வேலையில் இல்லையாம். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. கண் கலங்கியிருந்தது. நான் ஓபிடி ஜன்னலில் கத்தியது அப்போது ஞாபகத்துக்கு வந்தது.

வெளியே வந்ததும் அம்மா கேட்டது, "அந்த மிஸ்ஸிப் புள்ளைக்கு வேலை போயிருமா?" என்றுதான். போகவில்லை. வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் வந்தது, தமிழில். துண்டு வெட்டும்போது தமிழில் விளக்க ஆள் ஒழுங்கு செய்வதாக அதில் எழுதியிருந்தது. கிளினிக் திகதியை மூன்று மொழியிலும் எழுதிய சின்னத் துண்டு ஒன்றைக் கார்ட்டோடு குத்திக் கொடுக்கத் தொடங்கினார்கள். இப்போதும் கொடுக்கிறார்கள், போன மாதம் பக்கத்து லயத்து அக்கா ஒருவர் கொண்டுவந்து காட்டினார். சில நாட்களில் அந்தத் துண்டு முடிந்துவிடுகிறது, அப்போது நாங்கள் திரும்ப ஒரு கடிதம் போடுகிறோம்.

வழக்குப் போட்டிருக்கலாம். இரண்டு வருடம் இருந்தது. அம்மா வேண்டாம் என்றார். காலும் கோர்ட்டுமாக அலைய அவருக்குத் தெம்பில்லை. அது அவருடைய கால், அவருடைய முடிவு. நீங்கள் வேறு மாதிரி முடிவெடுத்தால் சங்கம் அதற்கும் கூட நிற்கும். அம்மாவின் அந்தச் செருப்பில் இப்போது பஞ்சு அடைத்துத்தான் போடுகிறார்.

காலையில் வந்ததும் மூன்று பேர் என்னிடம் கார்ட் காட்டினீர்கள். ஒன்று பிள்ளைப்பேறு சம்பந்தமானது, ஒன்று டிஸ்பென்சரி பூட்டிக் கிடந்தது, மற்றது ஒரு தாத்தாவின் கண். தேத்தண்ணி வந்துவிட்டது. குடித்துவிட்டு மூன்று வட்டமாக உட்காருவோம். படித்த பிள்ளைகள் பேனையைப் பிடியுங்கள், சம்பந்தப்பட்டவர் வாயால் சொல்லட்டும், மற்றவர்கள் குறுக்கே பேசவேண்டாம். முதல் வரியில் திகதி. ஒரு பக்கத்துக்கு மேல் போனால் நான் வாங்க மாட்டேன்.